தர்க்கப் புதிர்களும் கணக்குப் புதிர்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நொடி அவிழ்ப்பதும் புதிர் விடுவிப்பதும் ஒன்றுதானே?

இல்லை. "ஆயிரம் தச்சர் கூடிக் கட்டிய மண்டபம், ஒருவன் கண்பட்டு உடைந்த மண்டபம்" என்ற நொடிக்குத் தேன்கூடு என்று சொல்ல, அதை முன்பே கேட்டிருக்க வேண்டும், அல்லது அந்த உவமை மனதில் தட்ட வேண்டும். தர்க்கப் புதிரில் வேண்டிய தகவல் முழுக்கக் கேள்விக்குள்ளேயே இருக்கும். விடை கிடைத்த பிறகு "இதுதான், வேறு எதுவும் இருக்க முடியாது" என்று காட்டவும் முடியும். அதைக் காட்டாதவரை புதிர் பாதிதான் முடிந்திருக்கிறது. இங்கே அந்த மற்றப் பாதியைப் பற்றித்தான் அதிகம் எழுதியிருக்கிறோம்.

எதை வைத்துக்கொண்டு தொடங்குவது?

கட்டம் போட்ட கணக்குக் கொப்பி, பென்சில், ஒரு பிடி புளியங்கொட்டை. தாயத்துக்குச் செய்வதுபோலக் கொட்டையின் ஒரு பக்கத்தைத் தரையில் தேய்த்து வெள்ளையாக்கிக்கொள்ளுங்கள். கறுப்புப் பக்கம் "இந்தக் கரை", வெள்ளைப் பக்கம் "அந்தக் கரை". நகர்த்த வேண்டிய புதிர்களுக்கு இது போதும். மனதுக்குள்ளேயே நகர்த்தினால் மூன்றாவது நகர்வில் எது எங்கே நின்றது என்பது குழம்பிவிடும். பிழைகளில் பெரும்பங்கு அங்கேதான் வருகிறது.

கையை வைப்பதற்கு முன் ஒரு கேள்வி: மொத்தம் எத்தனை நிலைகள், அல்லது எத்தனை சாத்தியங்கள் உண்டு? அந்த எண்ணை எழுதிவிட்டுத் தொடங்குங்கள். கீழே வரும் தராசுப் புதிரில் இந்த ஓர் எண்ணே வழியைக் காட்டிவிடும்.

புலி, ஆடு, புல்லுக்கட்டு: விடை எல்லோருக்கும் தெரியும். அதில் படிக்க என்ன இருக்கிறது?

புதிரைச் சுருக்கமாகச் சொல்வோம். வள்ளத்தில் ஓட்டுபவரோடு ஒன்றை மட்டுமே ஏற்றலாம். ஆள் பக்கத்தில் இல்லாவிட்டால் புலி ஆட்டைத் தின்னும், ஆடு புல்லைத் தின்னும். மூன்றையும் பத்திரமாக அக்கரை சேர்க்க வேண்டும். ஐரோப்பாவில் ஏறத்தாழ 1,200 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த அல்குயின் என்ற அறிஞரின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் கணக்குத் தொகுப்பில் இதே புதிர் ஓநாய், ஆடு, கோவா (முட்டைக்கோசு) என்று இருக்கிறது.

ஆள், புலி, ஆடு, புல் ஆகிய நான்கும் இரண்டு கரைகளில் ஒன்றில் நிற்கலாம். ஆகவே 2 × 2 × 2 × 2 = 16 நிலைகள். ஆள் இல்லாத கரையில் புலியும் ஆடும், ஆடும் புல்லும், அல்லது மூன்றும் சேர்ந்து நிற்பவை ஆபத்தானவை. ஆள் எந்தக் கரையில் நின்றாலும் இப்படி மூன்று மூன்றாக 6 நிலைகள் கழிந்து 10 மிஞ்சும். பத்தையும் வட்டமாக வரைந்து, ஒரே ஓட்டத்தில் போகக்கூடியவற்றைக் கோட்டால் இணையுங்கள். வழி படத்திலேயே தெரியும்: ஆட்டைக் கொண்டுபோ, வெறுமனே திரும்பு, புலியைக் கொண்டுபோ, ஆட்டைத் திருப்பிக் கொண்டுவா, புல்லைக் கொண்டுபோ, வெறுமனே திரும்பு, ஆட்டைக் கொண்டுபோ. ஏழு ஓட்டம். புலிக்கும் புல்லுக்கும் இடம் மாற்றினால் இன்னொரு வழி, அதுவும் ஏழுதான். இதற்குக் குறைந்த வழி படத்தில் இல்லை.

பலரும் சிக்குவது நான்காவது ஓட்டத்தில். அக்கரை சேர்த்த பொருளைத் திருப்பிக் கொண்டுவருவது பின்வாங்குவதுபோலத் தோன்றுவதால் மனம் அந்த வழியைத் தானாகவே அடைத்துவிடுகிறது. கேள்வியில் அப்படி ஒரு தடையும் இல்லை. நீங்களாகச் சேர்த்துக்கொண்ட விதி எது என்று தேடுவது எல்லாப் புதிரிலும் பயன்படும்.

இருட்டில் நாலு பேர் பாலம் கடக்கும் புதிருக்கு எனக்கு 19 நிமிடம் வருகிறது. விடை 17 என்கிறார்களே?

நால்வருக்கும் கடக்க எடுக்கும் நேரம் 1, 2, 5, 10 நிமிடம். ஒரே ஒரு ரோச் லைற். ஒரு தடவையில் இருவர்தான் போகலாம், மெதுவானவரின் வேகத்தில்தான் போக வேண்டும், ரோச்சை யாராவது திருப்பிக் கொண்டுவர வேண்டும்.

வேகமானவரே ஒவ்வொருவரையும் கூட்டிக்கொண்டு போனால் 10 + 1 + 5 + 1 + 2 = 19. மெதுவான இருவரும் ஒன்றாகப் போனால் 5 நிமிடம் 10க்குள் மறைந்துவிடும். ஆனால் அவர்கள் போகும்போது ரோச்சைத் திருப்பிக் கொண்டுவர வேகமான ஒருவர் அந்தப் பக்கத்தில் ஏற்கெனவே நிற்க வேண்டும். எனவே 1, 2 போக (2), 1 திரும்ப (1), 5, 10 போக (10), 2 திரும்ப (2), 1, 2 போக (2). மொத்தம் 17.

இதை மனப்பாடம் செய்தவர்களுக்கு 1, 4, 5, 10 என்று கொடுத்துப் பாருங்கள். அதே உத்தி 4 + 1 + 10 + 4 + 4 = 23 தரும். ஒவ்வொருவராகக் கூட்டிப்போனால் 10 + 1 + 5 + 1 + 4 = 21. இரண்டாவது வேகக்காரரின் நேரத்தை இரட்டியுங்கள். அது, முதல் வேகக்காரரின் நேரத்தையும் இரண்டாவது மெதுவானவரின் நேரத்தையும் கூட்டிவரும் தொகையைவிடக் குறைவென்றால் மட்டுமே இணைத்து அனுப்புவது இலாபம். முதற் கணக்கில் 4, 6. இரண்டாவதில் 8, 6. அதனால்தான் உத்தி மாறுகிறது.

பன்னிரண்டு நாணயம், மூன்று நிறுவை. எப்படித் தொடங்குவது என்றே விளங்கவில்லை.

இந்தப் பக்கத்தில் எங்களுக்கு மிகப் பிடித்த புதிர் இதுதான், ஆகவே கொஞ்சம் நின்று பார்ப்போம். 12 நாணயங்களில் ஒன்று போலி. அது பாரம் கூடியதா குறைந்ததா என்றும் தெரியாது. படிக்கல் இல்லாத இரட்டைத் தட்டுத் தராசில் மூன்றே முறை நிறுத்து, போலி எது, கூடியதா குறைந்ததா என்று சொல்ல வேண்டும்.

சாத்தியங்களை எண்ணுங்கள். 12 நாணயம், ஒவ்வொன்றும் கூடலாம் அல்லது குறையலாம்: 24. ஒரு நிறுவை மூன்று பதில் தரும்: இடம் தாழும், வலம் தாழும், சமன். மூன்று நிறுவைக்கு 3 × 3 × 3 = 27 பதில்கள். 24ஐ 27க்குள் அடக்கலாம், ஆனால் வீணாக்க இடமில்லை. முதல் நிறுவைக்குப் பிறகு மிஞ்சும் சாத்தியம் எதுவானாலும் 9க்கு மேல் போகக்கூடாது, ஏனென்றால் மீதி இரண்டு நிறுவை 9 பதில்தான் தரும்.

பலரும் ஆறுக்கு ஆறு வைப்பார்கள். தட்டு எந்தப் பக்கம் தாழ்ந்தாலும் 12 சாத்தியம் மிஞ்சும். அங்கேயே தோற்றாயிற்று. ஐந்துக்கு ஐந்து வைத்து ஒரு பக்கம் தாழ்ந்தால் 10. மூன்றுக்கு மூன்று வைத்துச் சமன் வந்தால் வெளியே உள்ள ஆறுக்கு 12. நாலுக்கு நாலு வைத்தால் மட்டுமே எப்படி வந்தாலும் 8.

நாணயங்களுக்கு 1 முதல் 12 வரை இலக்கம் எழுதுங்கள். முதல் நிறுவை: 1, 2, 3, 4 இடத்தட்டில், 5, 6, 7, 8 வலத்தட்டில்.

சமன் என்றால் எட்டும் நல்லவை. 9, 10, 11ஐ 1, 2, 3க்கு எதிரே வையுங்கள். மறுபடி சமன் வந்தால் போலி 12. அதை 1உடன் நிறுத்தால் கூடியதா குறைந்ததா என்பது தெரியும். 9, 10, 11 இருக்கும் தட்டுத் தாழ்ந்தால் போலி பாரம் கூடியது. 9ஐயும் 10ஐயும் நிறுங்கள், தாழ்வது போலி, சமன் என்றால் 11. அந்தத் தட்டு உயர்ந்தால் போலி பாரம் குறைந்தது; அதே நிறுவையில் உயர்வது போலி.

இடத்தட்டுத் தாழ்ந்தால் 1–4இல் ஒன்று கூடியது, அல்லது 5–8இல் ஒன்று குறைந்தது. இப்போது 1, 2, 5 இடத்தில். 3, 4, 6 வலத்தில். 7, 8 வெளியே. நாணயம் 5 தட்டு மாறியிருப்பதைக் கவனியுங்கள்.

இடம் தாழ்ந்தால்: 1 கூடியது, 2 கூடியது, அல்லது 6 குறைந்தது. 1ஐயும் 2ஐயும் நிறுங்கள். தாழ்வது போலி, சமன் என்றால் 6.
வலம் தாழ்ந்தால்: 3 கூடியது, 4 கூடியது, அல்லது 5 குறைந்தது. 3ஐயும் 4ஐயும் நிறுங்கள். தாழ்வது போலி, சமன் என்றால் 5.
சமன் என்றால்: 7 அல்லது 8 குறைந்தது. இரண்டையும் நிறுங்கள், உயர்வது போலி.

முதல் நிறுவையில் வலத்தட்டுத் தாழ்ந்தால் "கூடிய", "குறைந்த" என்ற சொற்களையும் "தாழ்ந்தால்", "உயர்ந்தால்" என்ற சொற்களையும் மாற்றிப் படித்தால் சரி.

இரண்டாவது நிறுவையில் தட்டு மாற்றாமல், சந்தேகத்துக்குரிய நாலை மட்டும் இரண்டிரண்டாக நிறுப்பதுதான் வழக்கமான பிழை. சமன் வந்தால் மற்ற நாலும் அப்படியே மிஞ்சும், ஒரு நிறுவையில் நாலைப் பிரிக்க முடியாது.

13 நாணயம் என்றால்?

26 சாத்தியம், 27 பதில். முடியும்போலத் தெரியும், முடியாது. தட்டுக்கு நாலுக்கு மேல் வைக்க இயலாது. நாலு நாலாக வைத்துச் சமன் வந்தால் வெளியே 5 நாணயம், 10 சாத்தியம். ஆனால் போலி எது என்று மட்டும் கேட்டால், கூடியதா குறைந்ததா என்பது வேண்டாமென்றால், 13க்கும் மூன்று நிறுவை போதும்.

3 லீற்றர், 5 லீற்றர் வாளிகளால் 4 லீற்றர் அளக்கலாம். எந்த வாளிக்கும் இப்படி வழி உண்டா?

5ஐ நிரப்பி 3க்குள் ஊற்றுங்கள், 2 மிஞ்சும். 3ஐக் கொட்டிவிட்டு அந்த 2ஐ அதில் விடுங்கள். 5ஐ மறுபடி நிரப்பி, 3 நிறையும்வரை ஊற்றினால் ஒரு லீற்றர் போய் 4 நிற்கும். ஆறு வேலை. 3ஐ நிரப்பித் தொடங்கினாலும் வரும், எட்டு வேலை எடுக்கும்.

எல்லா வாளிக்கும் வழி இல்லை. இரண்டு அளவுகளின் பொதுக் காரணிகளுட் பெரியதைக் கண்டுபிடியுங்கள். தேவையான அளவு அதன் மடங்காகவும், பெரிய வாளிக்குள் அடங்குவதாகவும் இருக்க வேண்டும். 6, 9 லீற்றர் வாளிகளால் 4 லீற்றரை ஒருநாளும் அளக்க முடியாது. நிரப்பினாலும் கொட்டினாலும் மாற்றினாலும் வாளிக்குள் நிற்பது எப்போதும் 3இன் மடங்குதான். கண்மட்டத்துக்குப் பாதி நிரப்புவது விதிக்குப் புறம்பு.

உண்மை, பொய் சொல்பவர்களின் புதிரில் எல்லாச் சந்தர்ப்பத்தையும் எழுதத்தான் வேண்டுமா?

எழுதினால் கட்டாயம் விடை வரும். ஆனால் முதலில் ஒன்றையொன்று மறுக்கும் இரண்டு கூற்றைத் தேடுங்கள். ஓர் உதாரணம்:

பெட்டியிலிருந்த பனங்காய்ப் பணியாரத்தை மூவரில் ஒருவர் எடுத்துவிட்டார். அக்கா: "தம்பிதான் எடுத்தவன்." தம்பி: "நான் எடுக்கேல்லை." தங்கச்சி: "நான் எடுக்கேல்லை." மூன்றில் ஒரு கூற்று மட்டுமே உண்மை.

அக்கா சொல்வதும் தம்பி சொல்வதும் நேர் எதிர். அவற்றில் ஒன்று உண்மையாகவும் மற்றது பொய்யாகவும்தான் இருக்க முடியும். இருந்த ஒரே உண்மை அங்கேயே செலவாகிவிட்டது, ஆகவே தங்கச்சி சொல்வது பொய். எடுத்தது அவள்தான். அக்காவோ தம்பியோ சொன்னதில் எது உண்மை என்று முதலில் பார்க்கத் தேவையே இருக்கவில்லை.

இரண்டு கதவு, இரண்டு காவலர் புதிரும் இதே இனம். ஒருவர் எப்போதும் உண்மை, மற்றவர் எப்போதும் பொய், ஒரே கேள்விதான் கேட்கலாம். "வெளியே போகும் கதவு எது என்று மற்றவரைக் கேட்டால் எதைக் காட்டுவார்?" என்று கேட்டு, காட்டிய கதவை விட்டு மற்றதைத் திறக்க வேண்டும். யாரிடம் கேட்டாலும் பதில் ஒரு பொய்க்குள்ளால் சரியாக ஒரு தடவை புகுந்து வருகிறது.

மூன்று கதவு, ஒரு கார், இரண்டு ஆடு. கதவை மாற்றினால் வாய்ப்புக் கூடும் என்பதை எப்படி நம்புவது?

நீங்கள் ஒரு கதவைத் தெரிவு செய்கிறீர்கள். கார் எங்கே என்று தெரிந்த நடத்துநர், மற்ற இரண்டில் ஆடு நிற்கும் கதவொன்றைத் திறந்து காட்டி, "மாற்றுகிறீர்களா?" என்று கேட்கிறார். ஸ்டீவ் செல்வின் 1975இல் எழுதிய புதிர் இது. 1990இல் அமெரிக்கப் பத்தி எழுத்தாளர் மரிலின் வொஸ் சவான்ற் தன் பத்தியில் "மாற்றுங்கள், வாய்ப்பு 2/3" என்று எழுதியபோது, கணிதம் படித்தவர்கள் உட்பட ஏராளமானோர் பிழை என்று கடிதம் போட்டார்கள். அவர் எழுதியதுதான் சரி.

முதல் தெரிவு சரியாக இருக்கும் நிகழ்தகவு 1/3. கதவைத் திறந்து காட்டியதால் அது மாறாது, ஏனென்றால் எப்படியும் ஆட்டுக் கதவொன்றைத் திறக்க அவரால் முடியும். மீதி 2/3 முழுக்க மற்றக் கதவில் நிற்கிறது. நம்பிக்கை வராவிட்டால் மூன்று சீட்டை எடுத்து, இன்னொருவரை நடத்துநராக்கி 60 தடவை விளையாடி, மாற்றினால் வென்றிருப்பீர்களா என்று குறியுங்கள். 40ஐ ஒட்டி வரும்.

இங்கே ஒரு நிபந்தனை முக்கியம், கேள்வி கேட்பவர்களே அதைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள். நடத்துநர் தெரிந்தே ஆட்டைக் காட்ட வேண்டும். கார் எங்கே என்று தெரியாமல் கண்டபடி திறந்து, தற்செயலாக ஆடு வந்திருந்தால் வாய்ப்பு 1/2தான், மாற்றுவதும் மாற்றாததும் ஒன்று.

எழுத்துக்கு இலக்கம் போடும் கூட்டல் தமிழில் செய்யலாமா?

தாராளமாக. ஓர் உயிர்மெய்க்கு ஓர் இலக்கம் என்று வையுங்கள். மா வேறு, மி வேறு.

மாமா + மாமி = வாமாவா

இரண்டு ஈரிலக்க எண்களின் கூட்டுத்தொகை 198ஐத் தாண்டாது, ஆகவே வா = 1. பத்துகளின் இடத்தில் மா + மா + (கொண்டுவந்தது) = 10 + மா. அப்படியென்றால் மாவையும் கொண்டுவந்ததையும் கூட்டினால் 10. மா ஓர் இலக்கம், 10 ஆக முடியாது; எனவே கொண்டுவந்தது 1, மா = 9. ஒன்றுகளின் இடத்தில் 9 + மி = 11, மி = 2. 99 + 92 = 191. வேறு விடை இல்லை. எந்த வினாவிலும் இடது ஓரத்து எழுத்தில் தொடங்குவது நல்லது, அங்கேதான் கட்டுப்பாடு இறுக்கம்.

"முடியாது" என்பதும் ஒரு விடையா?

அதுதான் சில புதிர்களின் மிக அழகான விடை. கேனிக்ஸ்பேர்க் நகரத்தின் ஏழு பாலங்களையும் ஒவ்வொரு தடவை மட்டும் கடந்து நடக்கலாமா என்ற கேள்விக்குக் கணித அறிஞர் ஒயிலர் 1736இல் "முடியாது" என்று காட்டினார். ஓர் இடத்துக்கு வந்தால் திரும்பிப் போக ஒரு வழி வேண்டும், ஆகவே இடையில் வரும் இடங்களில் வழிகள் இரட்டையாக இருக்க வேண்டும். ஒற்றை எண்ணிக்கை வழியுள்ள இடங்கள் ஒன்றும் இல்லாமல், அல்லது இரண்டே இரண்டாக இருந்தால்தான் அப்படி நடக்கலாம். அங்கே நான்கு இடமும் ஒற்றை.

எங்கள் தீவுப் பக்கத்தில் செய்து பாருங்கள். மண்டைதீவுக்குப் பிரியும் வழியை விட்டுவிட்டால், நான்கு இணைப்பு: பண்ணைப் பாலம் (யாழ்ப்பாணம்–வேலணைத்தீவு), புங்குடுதீவுப் பாலம் (வேலணைத்தீவு–புங்குடுதீவு), பொன்னாலைப் பாலம் (யாழ்ப்பாணக் குடாநாடு–காரைநகர்), ஊர்காவற்றுறையிலிருந்து காரைநகருக்கு ஓடும் பாதை (மிதவைப் படகு). ஊர்காவற்றுறை வேலணைத்தீவிலேயே இருப்பதால் அந்தத் தீவுக்கு 3 வழி, புங்குடுதீவுக்கு 1, யாழ்ப்பாணத்துக்கு 2, காரைநகருக்கு 2. ஒற்றை இரண்டே இரண்டு. ஆகவே நான்கையும் ஒவ்வொரு தடவை கடக்கலாம், ஆனால் புங்குடுதீவிலோ வேலணையிலோ தொடங்கி மற்றதில் முடிக்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் தொடங்கினால் ஒருக்காலும் வராது.

சதுரங்கப் பலகையின் எதிர்மூலைக் கட்டங்கள் இரண்டை வெட்டினால் மீதி 62ஐ 31 டொமினோவால் (ஒவ்வொன்றும் அடுத்தடுத்த இரண்டு கட்டத்தை மூடும் துண்டு) மூட முடியாததும் இப்படித்தான். எதிர்மூலைகள் ஒரே நிறம். 32க்கு 30 மிஞ்சும், ஒவ்வொரு டொமினோவும் நிறத்துக்கு ஒன்றை மூடும்.

ஒரு கிரிக்கெற் பற் (மட்டை), ஒரு பந்து இரண்டும் சேர்ந்து 1,100 ரூபாய், பற் பந்தைவிட 1,000 ரூபாய் கூட. பந்து 100 ரூபாய் இல்லையா?

100 என்றால் பற் 1,100, இரண்டும் சேர்ந்து 1,200. பந்து 50, பற் 1,050. விடையைக் கேள்விக்குள் திரும்பப் போட்டுப் பார்க்க ஐந்து வினாடி போதும்.

புலமைப்பரிசில் பரீட்சைக்குப் பிள்ளைக்கு எண்கோலம் பழக்குகிறோம். 1, 2, 4, 8, 16க்கு அடுத்தது 32தானே?

பரீட்சையில் 32 என்றே எழுதச் சொல்லுங்கள், எளிய விதியைத்தான் அங்கே எதிர்பார்க்கிறார்கள். ஆனால் வீட்டில் ஒரு வட்டம் கீறி, அதன்மேல் புள்ளிகளை வைத்து எல்லாவற்றையும் ஒன்றோடொன்று கோட்டால் இணைக்கச் சொல்லுங்கள். மூன்று கோடுகள் ஒரே இடத்தில் வெட்டாதபடி புள்ளிகளைச் சற்று ஒழுங்கில்லாமல் வைக்க வேண்டும். 1 புள்ளிக்கு வட்டம் 1 துண்டு, 2க்கு 2, 3க்கு 4, 4க்கு 8, 5க்கு 16, ஆறுக்கு 31. பிள்ளை ஒரு துண்டைத் தவறவிட்டதாக நினைத்துத் திரும்பத் திரும்ப எண்ணும். எண்ணட்டும்.

உதவி கேட்டால் அடுத்த அடியைச் சொல்லாமல், சிறிய எண்ணில் அதே புதிரைக் கொடுங்கள். 12 நாணயத்தில் சிக்கினால், போலி பாரம் கூடியது என்று தெரிந்த 3 நாணயம், ஒரு நிறுவை. பிறகு 9 நாணயம், இரண்டு நிறுவை.

விடையைப் பார்த்துவிட்டேன். இனி அந்தப் புதிரால் பயனில்லையா?

கொப்பியை மூடிவிட்டு மறுநாள் வெறும் தாளில் முழுக்க எழுதுங்கள், எந்த அடியில் "ஏன்" என்று சொல்ல முடியவில்லையோ அதன் கீழே கோடிடுங்கள். பிறகு எண்ணை மாற்றுங்கள். பாலப் புதிரில் ஐந்து பேர்: 1, 3, 6, 8, 12. 29 நிமிடத்தில் எல்லோரும் கடக்கலாம். உங்களுக்குக் கூட வந்தால், 8ஐயும் 12ஐயும் எப்போது அனுப்பினீர்கள், அந்த நேரம் மறுகரையில் ரோச்சுக்கு யார் நின்றார் என்று பாருங்கள்.